மவுஸ் மக்கர் செய்கிறதா, கைக்குப் பொருந்தவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மியான்மரில், யாங்கோனில் ஒரு கடைக் கணக்கு, மோல்மேனில் ஒரு கோயிலின் நன்கொடைப் பதிவு, பெகுவில் ஒரு தமிழ் வகுப்பின் வினாத்தாள் என்று எல்லாமே இப்போது கணினிக்கு வந்துவிட்டன. அதன் முன் உட்காருபவர் பல இடங்களில் அறுபதைத் தாண்டியவர். மவுஸ் சொன்னபடி கேட்காதபோது அவர் முதலில் குறை சொல்வது தன் கையைத்தான். "இனி எனக்கு இதெல்லாம் வராது" என்று நாற்காலியைப் பேரப்பிள்ளையிடம் விட்டுவிடுகிறார். அப்படி விட வேண்டியதில்லை. தேய்ந்துபோன ஒரு சின்ன சுவிட்சோ, யாரும் தொட்டுப் பார்க்காத ஒரு செட்டிங்கோ காரணமாக இருக்கலாம். கையே காரணம் என்றாலும், கைக்கு ஏற்றபடி கணினியை மாற்ற முடியும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியது. மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றை ஒலிப்பிலேயே தந்திருக்கிறோம்.

எதையும் மாற்றுவதற்கு முன்

குற்றம் கருவியிலா, கணினியிலா, கையிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேறொரு மவுஸை அதே கணினியில் செருகிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் பழைய மவுஸ்தான் காரணம். போகவில்லை என்றால், அதே நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்து அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அவருக்கும் அதே தொல்லை வந்தால் கணினியின் அமைப்பில் கோளாறு. அவருக்கு வராமல் உங்களுக்கு மட்டும் வந்தால், செட்டிங் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மவுஸையும் மாற்றி, வேகத்தையும் மாற்றி, இடத்தையும் மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

இரண்டு இடங்களுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். முதலாவது பழைய மவுஸ் பெட்டி. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் கட்டத்தில் எம்-ஏ-ஐ-என், ஒரு புள்ளி, சி-பி-எல் என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். விண்டோஸ் 7-லும் இதே வழிதான். இரண்டாவது, 'செட்டிங்ஸ்' உள்ளே 'அக்சஸிபிலிட்டி'. விண்டோஸ் 10-ல் அதன் பெயர் 'ஈஸ் ஆஃப் அக்சஸ்'. விண்டோஸ் விசையோடு யூ அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம். மவுஸ் அசையவே இல்லை என்றாலும் இந்த இரண்டையும் கீபோர்டாலேயே திறக்கலாம். உள்ளே நகர டேப், குறி இட ஸ்பேஸ்பார்.

ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது

கோப்பைத் தேர்ந்தெடுக்கத் தொட்டால் அது திறந்துவிடும். ஜன்னலை மூடப் பெருக்கல் குறியை அழுத்தினால் பின்னால் இருந்த ஜன்னலும் சேர்ந்து மூடும். இழுத்துக்கொண்டு போகும் பொருள் பாதி வழியில் விழும். நடுக்கம் உள்ளவர்கள் இதைத் தங்கள் விரலின் குற்றம் என்றே நம்பிவிடுகிறார்கள்.

சோதனை எளிது. டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பின் படத்தின்மேல் (பெயரின்மேல் அல்ல) அம்பை வையுங்கள். மவுஸை நகர்த்தாமல் இடது பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். பிறகு இரண்டு விநாடி சும்மா இருங்கள். இப்படி ஐம்பது முறை. ஒருமுறைகூட அந்தக் கோப்பு திறக்கக் கூடாது. திறந்தால் சுவிட்சு துள்ளுகிறது, உங்கள் விரல் நிரபராதி.

காரணம் இது. இடது பொத்தானுக்கு அடியில் மூன்று கால் கொண்ட ஒரு குட்டி சுவிட்சு இருக்கிறது, சுமார் 12.8 மில்லிமீட்டர் நீளம், 5.8 அகலம், 6.5 உயரம். உள்ளே நகத்தைவிட மெல்லிய செம்புத் தகடு ஒன்று வளைந்து நின்று, அழுத்தும்போது "டிக்" என்று குதித்து மறுமுனையைத் தொடுகிறது. பல லட்சம் அழுத்தங்களுக்குப் பிறகு அதன் விறைப்பு தளர்ந்து, ஒருமுறை தொட வேண்டிய இடத்தில் தட்டித் தட்டித் தொடும். மே முதல் அக்டோபர் வரையிலான மழைக்கால ஈரம் தொடும் முனையில் ஆக்ஸைடு படியவும் உதவுகிறது. மவுஸுக்குள் ஓடும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு என்பதால் அந்தப் படலம் தானாக எரிந்து போகாது.

உடனடி நிவாரணம்: மவுஸ் பெட்டியின் 'பட்டன்ஸ்' பக்கத்தில் 'ஸ்விட்ச் பிரைமரி அண்ட் செகண்டரி பட்டன்ஸ்' என்பதில் குறி இடுங்கள். வலது பொத்தான் இப்போது முதன்மைப் பொத்தான் ஆகிவிடும். அது குறைவாகவே உழைத்திருக்கும் என்பதால் வாரக்கணக்கில் ஓடும். லினக்ஸில் லிப்இன்புட் இயக்கி சுவிட்சின் துள்ளலைத் தானே கண்டு வடிகட்டப் பார்க்கும். விண்டோஸில் அப்படி ஒரு வசதி உள்ளே இல்லை.

நிரந்தர வழி, சுவிட்சை மாற்றுவது. மவுஸின் வயரைக் கழற்றிவிடுங்கள், பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். திருகு கண்ணில் படாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைக்கும் ஸ்டிக்கருக்கும் கீழே தேடுங்கள். பட்டையை மெல்லச் சூடாக்கி நகத்தால் உரித்தால் கிழியாமல் வரும். மூன்று காலிலும் உள்ள ஈயத்தை உறிஞ்சு பம்பால் எடுத்து, புதிய சுவிட்சை அதே திசையில் வைத்து ஈயம் பிடியுங்கள். திசை மாற்றி வைத்தால் பொத்தான் எப்போதும் அழுந்திய நிலையில் நிற்கும் அல்லது வேலையே செய்யாது. ஈயக்கோல் பிடித்துப் பழக்கமுள்ள மொபைல் ரிப்பேர்க் கடைக்காரருக்கு இது சின்ன வேலை. ஆனால் மிக மலிவான மவுஸுக்கு இதைச் செய்வதில் பயனில்லை, புதியது வாங்கிவிடுங்கள். கைக்குப் பழகிய நல்ல மவுஸ், முக்கியமாகக் கை வலிக்காரர் ஒருவர் தேடிப்பிடித்து வாங்கியது என்றால் கட்டாயம் மாற்றிக் கொடுங்கள். பழகிய பிடியை இழப்பது அவருக்குப் பெரிய இழப்பு.

டபுள் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை. பெயர் மாற்றும் கட்டம் வருகிறது

முந்தையதற்கு நேர் எதிரான தொல்லை இது. கோப்பை இருமுறை அழுத்துகிறார், அது திறக்காமல் பெயரைச் சுற்றி ஒரு கட்டம் விழுகிறது. இரண்டு அழுத்தத்துக்கும் இடையில் அதிக நேரம் விட்டதால், "பெயரை மாற்றப் போகிறார்" என்று விண்டோஸ் நினைத்துக்கொள்கிறது. எஸ்கேப் அழுத்தினால் கட்டம் போய்விடும், பெயருக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது அழுத்தம் 500 மில்லிவிநாடிக்குள், அதாவது அரை விநாடிக்குள் வர வேண்டும் என்பது தொடக்க அமைப்பு. மவுஸ் பெட்டியின் 'பட்டன்ஸ்' பக்கத்தில் 'டபுள் கிளிக் ஸ்பீட்' குமிழை 'ஸ்லோ' பக்கம் முழுக்கத் தள்ளினால் 900 மில்லிவிநாடி கிடைக்கும். பக்கத்திலேயே உள்ள ஃபோல்டர் படத்தில் அழுத்திச் சோதிக்கலாம்.

இதோடு நிறுத்திவிட்டுப் பலர் ஏமாந்துபோகிறார்கள். நேரம் மட்டும் போதாது, இடமும் பொருந்த வேண்டும். முதல் அழுத்தத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் அம்பு சில பிக்சல், அதாவது சில திரைப் புள்ளிகள், விலகினாலே விண்டோஸ் அவற்றைத் தனித்தனி அழுத்தங்களாக எண்ணும். தொடக்க அளவு அகலம் 4, உயரம் 4. நடுங்கும் விரல் பொத்தானை அழுத்தும்போதே மவுஸை இதற்கு மேல் தள்ளிவிடும். இந்த அளவைக் கூட்ட மெனுவில் இடமில்லை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் மாற்ற வேண்டும். விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு 'ரெஜெடிட்' (ஆர்-இ-ஜி-இ-டி-ஐ-டி) என்று தட்டி என்டர். இடப்பக்க மரத்தில் 'எச்கீ கரண்ட் யூசர்', அதற்குள் 'கண்ட்ரோல் பேனல்', அதற்குள் 'மவுஸ்'. வலப்பக்கம் 'டபுள்கிளிக்விட்த்', 'டபுள்கிளிக்ஹைட்' இரண்டும் இருக்கும். மாற்றும் முன் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். இரண்டையும் 4-லிருந்து 16 ஆக்குங்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் பலிக்கும். போதவில்லை என்றால் 24 வரை போகலாம். அதற்கு மேல் போனால் நெருக்கமாக உள்ள இரண்டு பொத்தான்களை ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தும்போது குழப்பம் வரும்.

டபுள் கிளிக்கே வேண்டாம் என்பது இன்னும் நல்ல வழி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'சிங்கிள் கிளிக் டு ஓப்பன் அன் ஐட்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒரே அழுத்தத்தில் திறக்கும். அம்பை மேலே நிறுத்தினாலே தேர்வாகும். பழக ஒரு வாரம் ஆகலாம். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பழையபடியே வைத்துக்கொள்ள விரும்புபவர் ஒருமுறை அழுத்தித் தேர்ந்து, என்டர் தட்டினால் போதும்.

தொட்டவுடன் கோப்பு நகர்ந்து, பக்கத்து ஃபோல்டருக்குள் போய் மறைந்துவிடுகிறது

"கணினி என் கணக்கைத் தின்றுவிட்டது" என்று பதறுவார்கள். முதலில் கண்ட்ரோல் விசையோடு இசட் அழுத்துங்கள். கடைசியாகச் செய்தது அந்த நகர்த்தல்தான் என்றால் கோப்பு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பொத்தானை அழுத்தியபடி அம்பு 4 பிக்சல் நகர்ந்தாலே அது இழுவை என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. ரெஜிஸ்ட்ரியில் அதே 'கண்ட்ரோல் பேனல்' கீழே, இம்முறை 'டெஸ்க்டாப்' உள்ளே, 'டிராக்விட்த்', 'டிராக்ஹைட்' என்று இரண்டு இருக்கும். 20 அல்லது 30 என்று மாற்றிவிட்டு வெளியேறி உள்நுழையுங்கள். வேண்டுமென்றே இழுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பல பேர் பயன்படுத்தும் கடைக் கணினியிலும் இதைச் செய்துவைப்பது நல்லது, கோப்புகள் காணாமல்போவது குறையும்.

இழுத்துக்கொண்டே போனால் விரல் வலித்து நடுவில் விட்டுவிடுகிறது

மவுஸ் பெட்டியின் 'பட்டன்ஸ்' பக்கத்தில் 'டர்ன் ஆன் கிளிக்லாக்'. பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் அது பூட்டிக்கொள்ளும்; விரலை எடுத்துவிட்டு நிதானமாக மவுஸை நகர்த்தலாம்; சேர வேண்டிய இடத்தில் ஒருமுறை அழுத்தினால் பூட்டு திறக்கும். பூட்டத் தேவையான நேரம் தொடக்கத்தில் 1.2 விநாடி. பக்கத்தில் உள்ள 'செட்டிங்ஸ்' பொத்தானில் இதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

விரலை எடுக்கத் தாமதமாகும் கைக்கு இதுவே தொல்லையாகவும் மாறும். சும்மா அழுத்தியதற்கே பூட்டிக்கொண்டு, போகுமிடமெல்லாம் எழுத்துகள் நீலமாகத் தேர்வாகிக்கொண்டே வரும். அப்படி வந்தால் நேரத்தை அதிகமாக்குங்கள், போதாவிட்டால் கிளிக்லாக்கை நிறுத்திவிடுங்கள்.

எழுத்தைத் தேர்ந்தெடுக்க இழுக்கவே வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒருமுறை கிளிக், முடிவில் ஷிஃப்டைப் பிடித்தபடி ஒரு கிளிக். வேர்டில் எஃப்8 அழுத்தினால் தேர்வு நிலை தொடங்கும், அம்பு விசைகளால் நீட்டிக்கொண்டே போகலாம், எஸ்கேப் கொடுத்தால் முடியும். கோப்பை இழுப்பதற்குப் பதில் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் வி.

அம்பு துள்ளுகிறது, நடுங்குகிறது, தானாக ஓடுகிறது

இதற்குக் காரணங்கள் பல. மேசையிலிருந்து தொடங்குவோம்.

நம் வீடுகளிலும் கடைகளிலும் மேசைமேல் கண்ணாடி போட்டு, அதன் அடியில் குடும்பப் படமும் சாமி படமும் விசிட்டிங் கார்டுகளும் வைத்திருப்பது வழக்கம். மவுஸின் அடியில் உள்ள சென்சார் ஒரு குட்டி கேமரா. மேற்பரப்பின் சொரசொரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, படத்துக்குப் படம் என்ன நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் படமோ சென்சாரின் குவிய தூரத்தைத் தாண்டி மங்கலாகத் தெரிகிறது. பளபளவென்று வார்னிஷ் அடித்த தேக்கு மேசையும் சில மவுஸ்களுக்கு இதே தொல்லையைத் தரும். மேலே ஒரு வெள்ளை ஏ4 தாளை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். பளபளப்பில்லாத காலண்டர் அட்டையின் பின்பக்கம் இன்னும் நல்லது. துணி விரிக்காதீர்கள், அது சுருங்கி மவுஸோடு சேர்ந்து நகரும்.

தாளிலும் துள்ளினால் மவுஸைத் திருப்பிச் சென்சார் துளையைப் பாருங்கள். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும், கை எடுத்த பிறகும் அம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். ஊதி வெளியேற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடையுங்கள். தனாக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசிய கையிலிருந்து உதிரும் தூளும் வியர்வையும் சேர்ந்து பொத்தான் இடுக்கில் பசையாக இறுகினால், அழுத்திய பொத்தான் மேலே வராது. அதையும் இதே வழியில் துடைத்தெடுக்கலாம்.

இனி மடிக்கணினியின் டச்பேட். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அம்பு பித்துப்பிடித்தாற்போல ஓடினால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பேட்டரியில் ஒழுங்காக ஓடினால் டச்பேடில் பழுதில்லை, பெரும்பாலும் வீட்டு மின் இணைப்பில் எர்த் இல்லை. நம்மூரில் சாக்கெட்டுகள் பலவகை, பிளக்குகளும் பலவகை. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டர் வழியாகச் செருகும்போது எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின் இரைச்சலுக்குப் போக வழியில்லாமல் கணினியின் உடலில் மிதக்கிறது. டச்பேட் விரலின் மின்தேக்கத்தை அளந்துதான் வேலை செய்கிறது என்பதால், அந்த இரைச்சலை விரலின் நகர்வு என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தடவும்போது மெல்லிய ஊறல் தெரிந்தால் அதுவும் இதே அடையாளம். கரண்ட் போய் ஜெனரேட்டரிலோ மலிவான இன்வெர்ட்டரிலோ ஓடும்போது இரைச்சல் இன்னும் கூடலாம்.

எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் நேராகச் செருகுவதே சரியான தீர்வு. வயரிங்கில் எர்த்தே இல்லை என்றால் தகுதியான எலக்ட்ரீஷியனை வைத்துப் போடச் சொல்லுங்கள். எர்த்தை நியூட்ரலோடு சேர்த்து முறுக்குவது, தண்ணீர்க் குழாயில் கட்டுவது போன்ற குறுக்குவழி ஒன்றும் வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து. அதுவரை வயர் உள்ள சாதாரண மவுஸைச் செருகிப் பயன்படுத்துங்கள். அதோடு 'செட்டிங்ஸ்', 'ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்', 'டச்பேட்' பகுதியில் 'லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்' என்பதன் குறியை எடுத்துவிட்டால், மவுஸ் செருகியதும் டச்பேட் ஓய்வெடுக்கும்.

தட்டச்சு செய்யும்போது மட்டும் கர்சர் வேறு வரிக்குத் தாவினால், உள்ளங்கை டச்பேடில் உரசுகிறது. அதே பக்கத்தில் 'டச்பேட் சென்சிட்டிவிட்டி'யை 'லோ' ஆக்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, கையின் நடுக்கத்தால் அம்பு நடுங்கினால் மவுஸ் பெட்டியின் 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற பெயரைப் பார்த்தால் துல்லியம் கூட்டும் வசதி போலத் தோன்றும். உண்மையில் அது வேக ஊக்கி. கை வேகமாக அசைந்தால் அம்பை இன்னும் அதிக தூரம் தள்ளும். நடுக்கம் என்பதே குட்டிக் குட்டி வேக அசைவுகள்தானே, ஆகவே அவற்றையெல்லாம் இது பெரிதாக்கிக் காட்டும். குறியை எடுத்துவிட்டு, வேகக் குமிழை நடுவிலிருந்து ஒன்றிரண்டு படி இடப்பக்கம் நகர்த்துங்கள். மாறாக, நடுக்கம் இல்லாமல் கையை அதிகம் நகர்த்த முடியாதவருக்கு, தோள் இறுகியவருக்கு, மூட்டு வாதம் உள்ளவருக்கு அந்தக் குறி இருக்கட்டும். கொஞ்ச அசைவிலேயே திரையைக் கடக்க அது உதவும்.

முழங்கை முதல் மணிக்கட்டு வரை முன்கை முழுவதும் மேசையில் படும்படி நாற்காலி உயரத்தை வையுங்கள். அந்தரத்தில் தொங்கும் கை கூடுதலாக நடுங்கும். கனமான மவுஸ் இலகுவானதைவிட அடங்கி நிற்கும். அதற்கும் அடங்காவிட்டால் டிராக்பால் பாருங்கள். அதன் உடல் நகராது, பந்தை மட்டும் உருட்ட வேண்டும், அழுத்தும்போது அம்பு இடம் மாறாது. பெருவிரலால் உருட்டுவதைவிட நடுவில் பெரிய பந்து உள்ளதை வாங்குங்கள், எந்தக் கைக்கும் ஒத்துவரும். நடுக்கத்தை வடிகட்டவென்றே எழுதப்பட்ட ஸ்டெடிமவுஸ் என்ற மென்பொருளும் விண்டோஸுக்கு உண்டு.

இதே பக்கத்தில் 'ஸ்னாப் டு' என்று ஒன்று இருக்கும். கேள்விப் பெட்டி வந்ததும் அம்பைத் தானாக அதன் பொத்தான்மேல் கொண்டுபோய் வைக்கும். நடுங்கும் கைக்கு அது வேண்டாம். படிக்கும் முன்பே விரல் பட்டு 'ஓகே' ஆகிவிடும்.

வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு ஓடுகிறது

முதலில் பேட்டரி. மலிவான டபுள் ஏ பேட்டரிகள் விரைவில் சோர்ந்துவிடும், நாள்பட்டால் ஒழுகி உள்ளே துருப் பிடிக்கவைக்கும். புதியதைப் போட்டும் தீரவில்லை என்றால், ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 துளையும் அதில் ஓடும் ஹார்ட் டிஸ்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும், மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். படமோ வீடியோவோ நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் மவுஸ் திணறினால் இதுவே காரணம். ரிசீவரை நீல நாக்கு உள்ள துளையிலிருந்து எடுத்துக் கறுப்பு நாக்கு உள்ள யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டு மவுஸுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டபின் மட்டும் உறங்கிவிட்டால், 'டிவைஸ் மேனேஜர்' திறந்து யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் பகுதியில் ஒவ்வொரு 'ரூட் ஹப்'பின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்திலும் 'அலவ் தி கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப்' என்று தொடங்கும் வரியின் குறியை எடுத்துவிடுங்கள். மடிக்கணினி என்றால் அதன் பேட்டரி சற்று வேகமாகக் குறையும்.

அம்பு எங்கே என்று தெரியவில்லை

'அக்சஸிபிலிட்டி' உள்ளே 'மவுஸ் பாயின்டர் அண்ட் டச்'. அளவுக் குமிழை 1-லிருந்து 4 அல்லது 5-க்குத் தள்ளி, பின்புலத்துக்கு எதிர் நிறமாக மாறும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மவுஸ் பெட்டியின் 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' பக்கக் கடைசி வரியில் குறி இட்டால், கண்ட்ரோல் விசையைத் தட்டும்போதெல்லாம் அம்பைச் சுற்றி வளையங்கள் சுருங்கிக் காட்டும். கண்புரை உள்ளவர்களுக்கு இந்த இரண்டுமே பெரிய துணை.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று அம்பு பறக்கிறது

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறதா? அது அம்பின் வேகத்தை மாற்றும் டிபிஐ பொத்தான். தெரியாமல் விரல் பட்டு 800-லிருந்து 1600 அல்லது 2400-க்குப் போயிருக்கும். மறுபடி மறுபடி அழுத்திப் பழைய வேகம் வரும்போது நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப இப்படி ஆகிறவருக்கு அந்தப் பொத்தான்மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்து டேப் ஒட்டிவிடுங்கள்.

எண்பலகையில் எண் தட்டினால் அம்பு நகர்கிறது

கணக்கு எழுதும் நேரத்தில் வந்தால் மிகவும் திகைக்கவைக்கும் அறிகுறி இது. தமிழ், பர்மீயம், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் எழுதுபவர்கள் மொழி மாற்ற இடது ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துகிறார்கள். அந்த இரண்டும் அழுந்தியிருக்கும்போது எண்பலகையில் உள்ள 'நம் லாக்' விசையும் தட்டுப்பட்டால் 'மவுஸ் கீஸ்' விழித்துக்கொள்ளும். கேள்விப் பெட்டி ஒன்று வந்திருக்கும். படிக்காமல் என்டர் தட்டியிருப்பார்கள். அதே மூன்று விசைகளை மறுபடி சேர்த்து அழுத்தினால் போய்விடும். திரும்ப வராமலிருக்க, 'அக்சஸிபிலிட்டி', 'மவுஸ்' பகுதியில் 'மவுஸ் கீஸ்' நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பார் பழகிக்கொள்ளுங்கள். ஷிஃப்டை ஐந்துமுறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்', வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' என்று இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. எழுத்துகள் தாமதமாக விழுந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

ஒருவருக்குத் தொல்லையாக வந்த இதே மவுஸ் கீஸ், மவுஸைப் பிடிக்கவே முடியாத இன்னொருவருக்குக் கை கொடுக்கும். 8, 2, 4, 6 மேல், கீழ், இடம், வலம். 7, 9, 1, 3 மூலைவாட்டில். 5 ஒரு கிளிக், கூட்டல் குறி டபுள் கிளிக். 0 அழுத்தினால் பொத்தான் பிடித்தபடி நிற்கும், புள்ளி அழுத்தினால் விடும். இழுவை வேலை இப்படி முடிந்துவிடும். வலது கிளிக் வேண்டுமானால் முதலில் கழித்தல் குறி, பிறகு 5. மறுபடி இடது கிளிக்குக்குத் திரும்பச் சாய்கோடு. இதை மறந்துவிட்டு "எதை அழுத்தினாலும் மெனுவே வருகிறது" என்பார்கள். எண்பலகை இல்லாத மடிக்கணினிக்குத் தனி யூஎஸ்பி எண்பலகை ஒன்று வாங்கிச் செருகுங்கள். அதை மடியிலோ இடது பக்கத்திலோ எங்கே வசதியோ அங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

இடது கையால் பயன்படுத்த வேண்டும்

பக்கவாதத்துக்குப் பின் இடது கைக்கு மாறுகிறவர்கள் உண்டு. பொத்தான் மாற்றும் வழியை மேலேயே சொன்னோம். அதோடு வலதுகைக்கென்று வளைத்துச் செய்த மவுஸை எடுத்துவிட்டு இருபக்கமும் ஒரே வடிவம் உள்ளதை வாங்குங்கள். பொத்தான் மாற்றம் அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே. கடவுச்சொல் கேட்கும் முதல் திரையில் பழைய பொத்தானே வேலை செய்யும். ஆகவே குடும்பத்தில் பலர் பயன்படுத்தும் கணினியில் அவருக்கென்று தனிக் கணக்கு உண்டாக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி வைத்ததை இன்னொருவர் தினமும் திருப்பிக்கொண்டிருப்பார். தொலைபேசியில் உதவி சொல்லும் பிள்ளைகள் "ரைட் கிளிக் பண்ணுங்கப்பா" என்பதற்குப் பதில் "மெனு பொத்தான்" என்று சொல்லட்டும், குழப்பம் வராது.

நகர்த்த முடிகிறது, அழுத்த மட்டும் முடியவில்லை

அம்பை ஓரிடத்தில் நிறுத்தினாலே கிளிக் ஆகும் வசதி இதற்குத் தேவை. சாதாரண மவுஸுக்கு விண்டோஸில் இது முழுமையாக இல்லை. திரைக் கீபோர்டில் மட்டும் உண்டு: விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றும் சேர்த்து அழுத்தி, அதன் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஹோவர் ஓவர் கீஸ்' தேர்ந்தெடுங்கள். உபுண்டு போன்ற க்னோம் திரை கொண்ட லினக்ஸில் 'ஹோவர் கிளிக்' என்று முழுத் திரைக்கும் உண்டு, மேக்கில் 'டுவெல்' என்ற பெயரில் உண்டு.

கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதிலும் வழி இருக்கிறது. ஓடிஜி வயர் வழியாக யூஎஸ்பி மவுஸைப் போனில் செருகுங்கள், திரையில் அம்பு தோன்றும். 'செட்டிங்ஸ்', 'அக்சஸிபிலிட்டி', 'டைமிங் கன்ட்ரோல்ஸ்' உள்ளே 'ஆட்டோ கிளிக்'. போனுக்குப் போன் பெயர் சற்று மாறும். தேடல் கட்டத்தில் 'கிளிக்' என்று தட்டினால் அகப்படும். தொடக்கத்தில் ஒரு விநாடி வையுங்கள். அம்பை நிறுத்திப் படித்துக்கொண்டிருக்கும்போதே அழுத்திவிடுகிறது என்றால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காத்திருக்கும்போது அம்பை வெற்றிடத்தில் கொண்டுபோய் விடும் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். வீடியோ அழைப்பில் சிவப்புப் பொத்தான்மேல் அம்பு நின்றுவிட்டால் பேச்சு பாதியில் அறுந்துவிடும்.